கறுப்புப் பையில் வந்த கைமாற்று

நாற்காலியும் நிலமும்: அத்தியாயம் 9

சென்ற அத்தியாயத்தை அமெரிக்க அதிபர் ஹார்டிங்கின் அமைச்சரவைப் பட்டியலோடு நிறுத்தியிருந்தோம். 1921 மார்ச்சில் பதவியேற்ற அந்த அமைச்சரவையில் ஹெர்பர்ட் ஹூவர், சார்லஸ் ஹியூஸ் போன்ற கனமான பெயர்கள் இருந்தன. அதிபரோடு சீட்டாட உட்காருகிறவர்களும் இருந்தார்கள். இரண்டாவது வகையைச் சேர்ந்தவர் ஆல்பர்ட் ஃபால். அவருக்குக் கிடைத்தது இன்டீரியர் துறை. நம் நாட்டு உள்துறையைப் போலப் போலீசும் சட்டம் ஒழுங்கும் அதில் வராது. அரசு நிலம், சுரங்கம், பூர்வகுடிகளின் நிலம் ஆகியவைதான் அதன் பொறுப்பு. அரசு நிலத்தைக் குத்தகைக்கு விடும் கையெழுத்து அந்த மேசையில்தான் விழும்.

ஃபால் 1861-இல் கென்டக்கியில் பிறந்தவர். இளம்வயதில் மேற்கே வந்து, சுரங்கத்தில் வேலை பார்த்து, சட்டம் படித்து வக்கீலாகி, நீதிபதியும் ஆனவர். 1912-இல் நியூ மெக்ஸிகோ மாநிலமானபோது அதன் முதல் செனட்டர்கள் இருவரில் ஒருவர். அகலத் தொப்பி, தொங்குமீசை, எடுத்தெறிந்து பேசும் சுபாவம். ஹார்டிங்கும் அப்போது செனட்டர். சிநேகிதம் அங்கே தொடங்கியது. அமைச்சர் பதவிக்கு ஃபாலின் பெயர் வந்ததும், நம்மில் ஒருவர்தானே என்று குழு விசாரணைகூட இல்லாமல் செனட் ஏற்றுக்கொண்டது.

அவருடைய வரவு செலவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நியூ மெக்ஸிகோவில் திரீ ரிவர்ஸ் என்ற இடத்திலிருந்த அவருடைய பெரிய பண்ணை கடனில் தத்தளிப்பதும், 1912 முதல் அதற்கு வரியே கட்டப்படவில்லை என்பதும் தெரிந்திருக்கும். அமைச்சர் சம்பளம் அப்போது ஆண்டுக்கு 12,000 டாலர்.

இனி அரசு நிலத்தின் கதை. போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. போர் வந்து எண்ணெய் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற கவலையில், எண்ணெய் இருக்கும் அரசு நிலங்கள் சிலவற்றைக் கடற்படைக்கென ஒதுக்கி, யாரும் தொடாமல் பூமிக்குள்ளேயே விட்டுவைத்தார்கள். கலிஃபோர்னியாவின் எல்க் ஹில்ஸும் பியூனா விஸ்டாவும் 1912-இல் அதிபர் டாஃப்ட் காலத்தில் ஒதுக்கப்பட்டன. வயோமிங் மாநிலத்தின் டீப்பாட் டோம் 1915-இல் அதிபர் வில்சன் காலத்தில் சேர்ந்தது. காஸ்பர் நகருக்கு வடக்கே, தேநீர்க் கெண்டி போல மூக்கும் பிடியும் கொண்ட ஒரு மணற்பாறை நின்றது. அதனால் வந்த பெயர். சுமார் 9,500 ஏக்கர். பாறையின் மூக்கும் பிடியும் பின்னர் காற்றிலும் மழையிலும் உடைந்து போய்விட்டன. பெயர் மட்டும் அமெரிக்க அரசியலில் ஊழலுக்கு மறுபெயராக நிலைத்துவிட்டது.

பூட்டி வைத்த எண்ணெய் என்றால் எண்ணெய் முதலாளிகளுக்குத் தூக்கம் வருமா? ஃபால் பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1921 மே 31-இல் ஹார்டிங் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். கடற்படையிடம் இருந்த எண்ணெய் நிலங்களின் நிர்வாகம் இன்டீரியர் துறைக்கு மாறியது. கடற்படை அமைச்சர் எட்வின் டென்பி மறுப்பேதும் சொல்லாமல் ஒப்புக்கொண்டார். டென்பி பணம் வாங்கியதாக யாரும் நிரூபித்ததில்லை. தன் பொறுப்பிலிருந்த சொத்தை இன்னொருவர் கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். வரலாற்றில் இந்த வகை மனிதர்கள் திருடர்களைவிட எண்ணிக்கையில் அதிகம்.

1922 ஏப்ரல் 7-ஆம் தேதி டீப்பாட் டோம் முழுவதும் ஹாரி சின்க்ளேரின் மாமத் ஆயில் நிறுவனத்துக்குக் குத்தகையானது. டெண்டர் இல்லை, ஏலம் இல்லை, அறிவிப்பும் இல்லை. அதே ஏப்ரலில் எட்வர்ட் டொஹெனியின் பான் அமெரிக்கன் நிறுவனத்துடன் இன்னொரு ஒப்பந்தம்: ஹவாயின் பேர்ல் ஹார்பரில் கடற்படைக்கு எண்ணெய்த் தொட்டிகள் கட்டித் தருவது, அதற்கு ஈடாகக் கச்சா எண்ணெயை எடுத்துக்கொள்வது. டிசம்பரில் எல்க் ஹில்ஸ் குத்தகையும் டொஹெனிக்கே போனது. அதில் பத்துக் கோடி டாலர் லாபம் எதிர்பார்த்ததாக டொஹெனியே பிறகு செனட் குழுவிடம் சொன்னார்.

ஃபாலிடம் காரணங்களுக்குக் குறைவில்லை. பக்கத்து வயலான சால்ட் கிரீக்கில் தனியார் கிணறுகள் இறங்கிவிட்டன, அவை கடற்படையின் எண்ணெயையும் உறிஞ்சிவிடும், அதற்குள் நாமே எடுத்துவிடுவது நல்லது என்றார். ஜப்பானோடு போர் மூளலாம், பசிபிக்கில் எண்ணெய் இருப்பு வேண்டும், ராணுவ விஷயம் என்பதால் ரகசியம் காத்தோம் என்றார். இவை முழுப்பொய் அல்ல. நிலவியலாளர்களே இரு கட்சியாக நின்றார்கள். தேசப் பாதுகாப்பு என்ற திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு போட்ட கையெழுத்தைக் கேள்வி கேட்பது எந்த நாட்டிலும் எளிதல்ல.

குத்தகையைக் காக்க ஃபால் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு ஒரு சம்பவம். டீப்பாட் டோமின் ஒரு துண்டில் தனக்குப் பழைய உரிமை உண்டு என்று சொல்லி வேறொரு நிறுவனம் கிணறு தோண்டத் தொடங்கியது. நீதிமன்றம் போக ஃபாலுக்குப் பொறுமை இல்லை. கடற்படையிடம் சொல்லி மரைன் வீரர்களை அனுப்ப வைத்தார். ஒரு கேப்டனும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வீரர்களும் வாஷிங்டனிலிருந்து வயோமிங்குக்கு ரயிலேறிப் போய், துப்பாக்கியோடு நின்று வேலையை நிறுத்தினார்கள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. துரத்தப்பட்டவர்களே வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். ஒரு தனியார் குத்தகைதாரரின் நிலத்துக்கு அரசுப்படை காவல் போனது என்பதை மட்டும் வாசகர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

ரகசியம் ஒரு வாரம்தான் தாங்கியது. ஏப்ரல் 14-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தி போட்டது. மறுநாள் வயோமிங் செனட்டர் ஜான் கென்ட்ரிக் விவரம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். விஸ்கான்சின் செனட்டர் ராபர்ட் லா ஃபாலெட் விசாரணையே வேண்டும் என்றார். அவர் ஆளும் குடியரசுக் கட்சிக்காரர்தான், கட்சிக்கு அடங்காதவர். அதற்குப் பிறகு ஒருநாள் அவருடைய அலுவலகம் குடையப்பட்டுக் கிடந்தது.

டென்வர் போஸ்ட் பத்திரிகையும் சின்க்ளேர் குத்தகையைக் கிழித்துத் தொங்கவிட்டது. திடீரென்று ஒருநாள் மௌனமாகிவிட்டது. பத்திரிகை முதலாளிகளுக்குப் பங்கிருந்த ஒரு பழைய உரிமைக் கோரிக்கையைத் தீர்ப்பது என்ற பெயரில் சின்க்ளேர் 2,50,000 டாலர் கொடுத்திருந்தது பிறகு வெளியே வந்தது.

விசாரணைப் பொறுப்பு மொன்டானா மாநிலத்து ஜனநாயகக் கட்சி செனட்டர் தாமஸ் வால்ஷிடம் வந்து சேர்ந்தது. வக்கீல். சிரிக்காத முகம், ஆவணம் படிப்பதில் அலுப்பில்லாத குணம். ஃபாலின் துறை வண்டி நிறையக் காகிதங்களை அனுப்பிவைத்தது. கேட்டதற்குமேல் ஆவணம் வந்தால் அது ஒத்துழைப்பா, உண்மையைப் புதைக்கும் வழியா என்பது அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வால்ஷ் அத்தனையையும் உட்கார்ந்து படித்தார். ஒன்றரை ஆண்டு ஓடியது. அதற்குள் ஃபால் 1923 மார்ச்சில் அமைச்சர் பதவியைத் துறந்து பாராட்டுகளோடு ஊர் திரும்பினார். சின்க்ளேருக்குத் துணையாக ரஷ்யாவுக்கும் போய்வந்தார். ஆகஸ்ட் 2-இல் ஹார்டிங் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். கால்வின் கூலிட்ஜ் அதிபரானார்.

1923 அக்டோபரில் பொது விசாரணை தொடங்கியது. அந்த மாதம் நியூயார்க்கில் எல்லாரும் பேசியது குதிரைப் பந்தயத்தைப் பற்றி. சின்க்ளேரின் குதிரை ஸெவ், அந்த ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்றது, இங்கிலாந்தின் டெர்பி வெற்றிக் குதிரையையும் தோற்கடித்தது. சின்க்ளேரின் வக்கீல் ஸெவெலியின் பெயரைத்தான் அந்தக் குதிரைக்கு வைத்திருந்தார்கள். விசாரணை அறையிலோ நிலவியல் நிபுணர்கள் எண்ணெய் கசிவதைப் பற்றி முரண்பட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிருபர்கள் கொட்டாவி விட்டார்கள். ஃபால் வந்து, அமைச்சர் என்ற முறையில் நான் எடுத்த முடிவு என்றார். சின்க்ளேரும் டொஹெனியும் லாபகரமான வியாபாரம், வேறொன்றுமில்லை என்றார்கள். பெரிய பத்திரிகைகள் வால்ஷைத்தான் ஏசின. குத்தகை சரியா தவறா என்ற கேள்வியோடு விசாரணை நின்றிருந்தால் ஃபால் தப்பியிருப்பார். நான் படித்தவரை இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவரை மாட்டிவிட்டது வாஷிங்டன் கோப்பு அல்ல, திரீ ரிவர்ஸ் வேலிக் கம்பி. ஓர் அதிகாரியின் வீட்டில் புதுமாடி எழும்பினால் நம் ஊரில் முதலில் கணக்குப் போடுவது தணிக்கைத் துறையா, எதிர்வீட்டுக்காரரா? நியூ மெக்ஸிகோவிலும் அப்படித்தான். ஃபாலின் வீட்டில் பணம் புரள்கிறது என்ற பேச்சு வால்ஷின் காதுக்கு எட்டியது. நவம்பர் இறுதியில் கார்ல் மேகி என்ற பத்திரிகை ஆசிரியர் சாட்சி சொன்னார். 1920-இல் ஃபால் தரப்பிடமிருந்து அல்புகர்க்கி நாளிதழ் ஒன்றை வாங்கியவர் அவர். கையில் காசில்லை, அதனால்தான் விற்கிறேன் என்று ஃபால் அப்போது அவரிடம் சொல்லியிருக்கிறார். மேகி பார்த்தபோது பண்ணை பாழடைந்து கிடந்தது. 1923-இல் மறுபடி போனால் புதுச் சாலை, புது வேலி, மின்சார நிலையம். 1922-இல் பத்தாண்டு வரி பாக்கி ஒரேயடியாகக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்து ஹாரிஸ் பண்ணையும் 91,500 டாலருக்கு ஃபால் வசமாகியிருந்தது. ஆண்டுக்கு 12,000 சம்பளத்தில்! (இதே மேகிதான் பிற்காலத்தில் தெருவோரம் காசு போட்டு கார் நிறுத்தும் பார்க்கிங் மீட்டரை உருவாக்கியவர். முதல் மீட்டர் 1935-இல் ஓக்லஹோமா சிட்டியில் நடப்பட்டது.)

பணம் எங்கிருந்து வந்தது? ஃபால் உடல்நலம் சரியில்லை என்று நேரில் வராமல், டிசம்பர் இறுதியில் நீண்ட கடிதம் அனுப்பினார். ஒரு லட்சம் டாலர் கடன் வாங்கியது உண்மை. கொடுத்தவர் வாஷிங்டன் போஸ்ட் உரிமையாளர் எட்வர்ட் மெக்லீன். சின்க்ளேரிடமோ டொஹெனியிடமோ எதுவும் வாங்கவில்லை என்றார். மெக்லீனும் ஆமாம் போட்டார். ஆனால் சைனஸ் தொல்லை, ஃப்ளோரிடாவை விட்டு வரமுடியாது என்றார். வால்ஷ் விடவில்லை. 1924 ஜனவரியில் பாம் பீச்சுக்கே போய் நின்றார். காசோலை கொடுத்தேன், ஆனால் ஃபால் அவற்றை மாற்றாமலே திருப்பித் தந்துவிட்டார் என்று மெக்லீன் ஒப்புக்கொண்டார். பொய் சொல்ல ஒரு நண்பரைத் தயார் செய்திருந்த முன்னாள் அமைச்சர், அப்போது அதே ஊரில்தான் தங்கியிருந்தார்.

ஜனவரி 24. டொஹெனி தாமாகவே குழு முன் வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு லட்சம் டாலரைக் கொடுத்தது நான்தான் என்றார். 1921 நவம்பர் 30-ஆம் தேதி, தன் மகன் நெட் ஒரு சிறு கறுப்புப் பையில் ரொக்கமாக எடுத்துக்கொண்டு போய், வாஷிங்டனில் ஃபால் தங்கியிருந்த ஓட்டலில் கொடுத்தான் என்றார். லஞ்சம் அல்ல, பழைய சிநேகிதனுக்குக் கைமாற்று. 1880-களில் இருவரும் நியூ மெக்ஸிகோ மலைகளில் வெள்ளி தேடி அலைந்தவர்கள். ஒருவன் கோடீஸ்வரனானான், மற்றவன் பண்ணையைக் காப்பாற்ற முடியாமல் திண்டாடினான். அந்தத் தொகை தனக்கு ஒரு பொருட்டே அல்ல என்றும் சொன்னார்.

கைமாற்று என்றால் புரோநோட்டு எங்கே? சில நாள் கழித்து டொஹெனி ஒன்றைக் கொண்டுவந்தார். கையெழுத்து இருக்கவேண்டிய இடம் கிழிந்திருந்தது! தான் திடீரென்று இறந்துபோனால் வாரிசுகள் ஃபாலை நெருக்கக்கூடாதே என்று கையெழுத்தைக் கிழித்து மனைவியிடம் கொடுத்து வைத்தாராம். எண்ணெய்த் தொட்டி ஒப்பந்தத்துக்கான தன் யோசனையை டொஹெனி ஃபாலிடம் கொடுத்தது நவம்பர் 28; பை போனது நவம்பர் 30. சிநேகிதத்துக்கும் நாள்காட்டி உண்டு போலிருக்கிறது.

சின்க்ளேர் பக்கத்துக் கதை இன்னும் வேடிக்கை. 1921 கடைசியில் அவர் தன் சொந்த ரயில் பெட்டியில் திரீ ரிவர்ஸுக்கு வந்துபோனார். அதற்குப் பிறகு கிடாரிகள், ஒரு பொலிகாளை, பன்றிகள், ஒரு உயர்ஜாதிக் குதிரை எல்லாம் ஃபால் பண்ணைக்கு வந்து இறங்கின. சின்க்ளேர் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்ச்சி ரூஸ்வெல்ட், பழைய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகன், பதறிப்போய்க் குழுவிடம் வந்தார். ஃபாலின் பண்ணை மேலாளருக்கு 68,000 டாலர் போனதாக சின்க்ளேரின் அந்தரங்கச் செயலரே தன்னிடம் சொன்னார் என்றார். செயலரோ, நான் சொன்னது ஆறோ எட்டோ மாடுகளைப் பற்றி, இவர் காதில் ஆயிரங்களாக விழுந்துவிட்டது என்று மறுத்தார். அறை சிரித்தது.

உண்மையான தடயம் கடன் பத்திரங்களில் இருந்தது. சின்க்ளேரும் வேறு சில எண்ணெய் முதலாளிகளும் சேர்ந்து கனடாவில் கான்டினென்டல் டிரேடிங் கம்பெனி என்ற பெயர்ப்பலகை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். டெக்சஸ் எண்ணெயை பீப்பாய்க்கு 1.50 டாலர் விலையில் வாங்கி, தாங்களே நடத்தும் நிறுவனங்களுக்கு 1.75-க்கு விற்றது அது. அதாவது தங்கள் பங்குதாரர்களையே ஏமாற்றிய காசு. சுமார் 30 லட்சம் டாலர் லாபம், லிபர்ட்டி பாண்டு எனும் அரசுக் கடன் பத்திரமாக மாறியது. பத்திரத்துக்கு வரிசை எண் உண்டு என்பதை இவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. அரசுப் புலனாய்வாளர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டே கொலராடோ மாநிலத்து பியூப்ளோ வங்கிக்குப் போனார்கள். 2,33,000 டாலர் பத்திரங்கள் ஃபாலின் மருமகன் எவர்ஹார்ட் வழியாகப் போயிருந்தன. மருமகன் 1928-இல்தான் வாய் திறந்தார். எல்லாம் சேர்த்தால் ஃபாலுக்குக் கிடைத்தது நாலு லட்சம் டாலருக்குமேல்.

1924 பிப்ரவரியில் கூலிட்ஜ் இரு கட்சிக்கும் பொதுவாக அட்லீ பொமெரீன், ஓவன் ராபர்ட்ஸ் என்ற இருவரைச் சிறப்பு வழக்கறிஞர்களாக நியமித்தார். ராபர்ட்ஸ் பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியானார். டென்பி பதவி விலகினார். ஃபால் குழு முன் வந்து, பதில் சொல்ல மறுக்கும் உரிமையைக் கோரிவிட்டுப் போனார். ஜனநாயகக் கட்சிக்கு இது தேர்தல் வரப்பிரசாதம் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். வில்சன் அமைச்சரவையில் இருந்த நால்வருக்குத் தான் சம்பளம் கொடுத்து வேலை வாங்கியதை டொஹெனி போட்டு உடைத்தார். அதில் ஒருவர், அதிபர் வேட்பாளராகும் கனவில் இருந்த மெக்கடூ. நவம்பரில் கூலிட்ஜ் அமோகமாக வென்றார்.

பிறகு வந்த தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். 1926 டிசம்பரில் சதிக் குற்றச்சாட்டிலிருந்து ஃபாலையும் டொஹெனியையும் ஜூரி விடுவித்தது. இரண்டே மாதம் கழித்து, 1927 பிப்ரவரி 28-இல், எல்க் ஹில்ஸ் குத்தகை ஊழலில் பிறந்தது என்று சொல்லி உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. அக்டோபரில் டீப்பாட் டோம் குத்தகையும் போயிற்று. அந்த இலையுதிர் காலத்தில் நடந்த ஃபால், சின்க்ளேர் சதி வழக்கு பாதியில் நின்றது. காரணம், சின்க்ளேர் துப்பறியும் ஆட்களை வைத்து ஜூரர்களைப் பின்தொடர வைத்திருந்தார். 1928-இல் மறுவிசாரணையில் அவரும் விடுதலை. ஆனால் செனட்டின் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்ததற்கும், ஜூரர்களை உளவு பார்த்ததற்குமாக 1929-இல் ஆறு மாதத்துக்குமேல் சிறையில் இருந்தார். பழைய தொழில் மருந்துக்கடை என்பதால் சிறை மருந்தகத்தில் வேலை கொடுத்தார்கள்.

லஞ்ச வழக்கு 1929 அக்டோபரில் வந்தது. பையைச் சுமந்துபோன நெட் டொஹெனியும், கூடப் போன ஹியூ பிளங்கெட்டும் அதற்கு எட்டு மாதம் முன்பே, பிப்ரவரியில், பெவர்லி ஹில்ஸ் மாளிகையில் சுடப்பட்டு இறந்திருந்தார்கள். பிளங்கெட் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார் என்று அதிகாரிகள் கோப்பை மூடினார்கள். ஃபால் சக்கர நாற்காலியில் நீதிமன்றத்துக்கு வந்தார். அக்டோபர் 25-இல், வால் ஸ்ட்ரீட் சரிந்த மறுநாள், ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, இரக்கம் காட்டும்படியும் கேட்டுக்கொண்டது. ஓராண்டுச் சிறை, ஒரு லட்சம் டாலர் அபராதம். பதவியில் செய்த குற்றத்துக்காகச் சிறை போன முதல் அமெரிக்க அமைச்சர் அவர்தான்.

1930 மார்ச்சில் டொஹெனி மீதான வழக்கு. அதே பை, அதே ஒரு லட்சம், அதே நாள். ஜூரி அவரை விடுவித்தது. வாங்கியவர் லஞ்சமாக வாங்கினார். கொடுத்தவர் லஞ்சமாகக் கொடுக்கவில்லை! வாங்கியவனின் எண்ணமும் கொடுத்தவனின் எண்ணமும் தனித்தனியாக நிரூபிக்கப்படவேண்டியவை என்று சட்டம் படித்தவர்கள் இதற்கு விளக்கம் தருவார்கள். விளக்கம் சரிதான். ஆனால் வாங்கிய அமைச்சரிடம் இருந்தது கடனில் கிடந்த பண்ணை, கொடுத்தவரிடம் இருந்தது எண்ணெய்ச் சாம்ராஜ்யம் என்பதையும் மறக்காமல் இந்தத் தீர்ப்பைப் படிக்கவேண்டும் என்பேன்.

வால்ஷுக்குப் பரிசு தாமதமாக வந்தது, கைக்கும் எட்டவில்லை. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவரை அட்டர்னி ஜெனரலாக அறிவித்திருந்தார். பதவியேற்க வாஷிங்டன் வரும் வழியில், 1933 மார்ச் 2-இல், ரயிலிலேயே இறந்துபோனார். நிலங்கள் கடற்படைக்குத் திரும்பின. எல்க் ஹில்ஸ் 1998-இல் 365 கோடி டாலருக்கும், டீப்பாட் டோம் 2015-இல் சுமார் 4.5 கோடி டாலருக்கும் அரசாலேயே, முறைப்படி, தனியாருக்கு விற்கப்பட்டன.

ஃபால் 1931 ஜூலையில் ஆம்புலன்சில் சான்டா ஃபே சிறைக்குப் போனார். ஒன்பது மாதத்துக்குமேல் இருந்துவிட்டு 1932 மே மாதம் வெளியே வந்தார். 1935-இல் டொஹெனி இறந்தார். மறு ஆண்டு, பழைய சிநேகிதனின் நிறுவனமே ஃபாலையும் அவர் மனைவியையும் திரீ ரிவர்ஸ் வீட்டிலிருந்து வெளியேற்றியது. எந்தப் பண்ணையைக் காப்பாற்ற அந்தப் பை வாங்கப்பட்டதோ, அந்தப் பண்ணை. 1944 நவம்பர் 30-இல் ஃபால் எல் பாசோவில் காலமானார். அவருக்கு விதித்த ஒரு லட்சம் டாலர் அபராதம் கடைசிவரை வசூலாகவில்லை.

அடுத்த இதழில், இதே அமைச்சரவையின் இன்னொரு நாற்காலி: அட்டர்னி ஜெனரல் ஹாரி டாஹெர்ட்டி.